பெயரில்லா உறைகள்: இசைத்தொகுப்பு வடிவமைப்பில் சுருக்கநெறியும் குறியீடும்

முன்னுரை

பல்கலைக்கழக வளாகங்களில் அடிக்கடி காணக்கூடிய கருநிறச் சட்டை ஒன்று உண்டு. அதன் மார்பில் வெண்ணிறக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். நடுப்பகுதியில் அவை மேலெழுந்து கூர்ந்து நிற்கும். எழுத்தொன்றும் இராது. குறியீடு பற்றிய வகுப்பொன்றில் அச்சட்டையை அணிந்துவந்த மாணவரிடம் அஃது என்ன படம் என்று வினவியபோது, மலைத்தொடர் என்றார். அருகிலிருந்த மாணவி கடலலை என்றார். 1979ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் இசைத்தட்டின் உறைப்படம் அது என்பதை இருவருமே அறிந்திலர். அணிந்தவரே அறியாத குறியீடு குறியீடாகுமா என்னும் வினா அன்று எழுந்தது. விடை காண்பதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது. இக்கட்டுரை அவ்வினாவிலிருந்தே தொடங்குகிறது.

மேலைநாட்டு ராக் இசைக்குழுக்கள் தம் இசைத்தட்டு உறைகளிலும் அடையாளச் சின்னங்களிலும் கையாண்ட சுருக்கநெறியை, அதாவது மினிமலிசத்தை, இங்கு ஆராய முற்படுகிறோம். இந்தியவியல் துறை இதழில் இப்பொருளுக்கு இடமுண்டா எனச் சிலர் ஐயுறலாம். கூறாமற் கூறுதலைப் பற்றி நுட்பமாகச் சிந்தித்த மரபு நம்முடையது. அம்மரபில் பயின்ற நாம், நம் மாணவர் அணிந்துவரும் சட்டையைப் படிக்க இயலாதவராக இருப்போமாயின் அது நமக்கே குறையாகும்.

விடுபடுதலின் இலக்கணம்

சுருக்கநெறி என்றதும் வெற்றிடம், ஓரிரு நிறம், சில கோடுகள் என்று புறத்தோற்றத்தை மட்டும் எண்ணுவோர் பலர். விளம்பரத்துறையினர் இந்நெறியை 'குறைவே நிறைவு' என்ற அளவில் புரிந்துகொண்டு பயன்படுத்துகின்றனர். ஓர் உறையில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டிலும், இருக்கவேண்டியது எது விடப்பட்டுள்ளது என்பதே இங்குக் கேட்கத்தக்க வினா. இசைத்தட்டு உறை ஒரு வணிகப் பொருளின் மேலுறை. பாடுவோர் முகம், குழுவின் பெயர், தொகுப்பின் பெயர் ஆகிய மூன்றும் அதில் இருத்தல் கடைக்காரரின் எதிர்பார்ப்பு. திரைப்பாடல் ஒலிநாடாக்களின் அட்டையில் நடிகர் முகங்களை நெருக்கி அடுக்கும் வழக்கத்தைக் கண்டு வளர்ந்த நம் தலைமுறைக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இம்மூன்றையும் நீக்கும்போது அந்நீக்கமே ஒரு கூற்றாகிவிடுகிறது.

ஆனால் அக்கூற்று எல்லார்க்கும் கேட்பதில்லை. தொல்காப்பியம் கூறும் உள்ளுறை உவமம் கருப்பொருளை நிலைக்களனாகக் கொண்டது. நிலத்தின் மரபறிந்த வாசகருக்கே பறவையும் பூவும் மீனும் தலைவனும் தலைவியுமாக மாறும். அறியாதவருக்கு அவை பறவையும் பூவும் மீனுமே. விடப்பட்டதை நிரப்பிக்கொள்ளும் அறிவு வாசகரிடம் இருந்தால்தான் விடுதல் பொருள்படும். இசைத்தட்டு உறைக்கும் இஃது அப்படியே பொருந்துகிறது. அவ்வாறாயின், பெயரை விடும் உரிமை யாருக்கு உண்டு என்ற வினா உடன் எழுகிறது.

புகழுடையோர் விட்ட பெயர்

பீட்டில்ஸ் குழுவினர் 1967இல் வெளியிட்ட 'சார்ஜண்ட் பெப்பர்' தொகுப்பின் உறை, பீட்டர் பிளேக், ஜேன் ஹாவர்த் ஆகிய இருவரும் உருவாக்கியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட புகழாளர் உருவங்கள் நெருக்கியடித்து நிற்கும் காட்சி அது. அடுத்த ஆண்டு, 1968 நவம்பர் 22ஆம் நாள் வெளிவந்த இரட்டை இசைத்தட்டின் உறையோ வெறும் வெண்மை. இதனை அமைத்தவர் பிரித்தானியப் பாப் ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன். குழுவின் பெயர் மையின்றிப் புடைப்பெழுத்தாக, சற்றுச் சாய்வாக அமைந்திருந்தது. விரலால் தடவியும் படிக்கலாம். தொடக்கப் படிகளின் முன்புறத்தில் வரிசை எண் ஒன்று பொறிக்கப்பட்டது. தொகுப்பின் பெயரும் குழுவின் பெயரேயாயினும், உலகம் அதனை 'வெள்ளைத் தொகுப்பு' என்றே வழங்குகிறது. பெயரை ஒதுக்கிய உறைக்கு மக்கள் நிறத்தையே பெயராக்கினர்.

ஹாமில்டனின் நுட்பம் வெண்மையினும் அவ்வெண்ணிலேயே மிகுதி. ஓவியர்கள் தம் அச்சோவியப் படிகளுக்கு எண்ணிடுவது அவை அருகியவை என்பதைக் காட்டவே. பல இலக்கம் படிகள் விற்கவிருக்கும் ஒரு பண்டத்திற்கு எண்ணிடுவது அவ்வழக்கத்தின்மீது செய்யப்பட்ட எள்ளல். ஹாமில்டன் இம்முரணை அறிந்தே செய்தார். எனினும் சந்தைக்கு எள்ளல் புரிவதில்லை. ரிங்கோ ஸ்டாரிடம் இருந்த 0000001 எண்ணிட்ட படி 2015 டிசம்பரில் 7,90,000 அமெரிக்க டாலருக்கு ஏலம் போயிற்று. எள்ளலாக இட்ட எண்ணே விலையாகிவிட்டது. உறை வெண்மையாக இருப்பினும் உள்ளே வண்ணப் படத்தொகுப்புச் சுவரொட்டி ஒன்றும் நால்வரின் தனித்தனி ஒளிப்படங்களும் வைக்கப்பட்டிருந்தன என்பதும் கருதத்தக்கது. முகங்கள் நீக்கப்படவில்லை, கதவுக்குப் பின்னே நகர்த்தப்பட்டன.

லெட் செப்பெலின் குழு 1971 நவம்பர் 8ஆம் நாள் வெளியிட்ட நான்காம் தொகுப்பில் துணிவு இன்னும் கூடியது. உறையின் வெளிப்புறத்தில் குழுவின் பெயரும் இல்லை, தொகுப்பின் பெயரும் இல்லை. பெயருக்கு மாற்றாக நால்வரும் ஆளுக்கொரு சின்னத்தைத் தெரிந்துகொண்டனர். அச்சின்னங்கள் உள்ளே இடம்பெற்றன. முந்தைய தொகுப்பைத் திறனாய்வாளர் குறைகூறிய நிலையில், பெயரின் துணையின்றி இசை தானே நிற்குமா எனக் காட்டவே இவ்வாறு செய்தனர். பதிவு நிறுவனம் தயங்கியது, குழு விட்டுக்கொடுக்கவில்லை. தொகுப்போ மிகப்பெரும் விற்பனை கண்டது. எனினும் இதனைத் தேர்வு என்று கொள்வது எனக்கு ஒப்பில்லை. வெளிவருமுன்பே உலகெங்கும் எதிர்பார்க்கப்பட்ட தொகுப்பு அது. எல்லாரும் அறிந்தவர் பெயர் கூறாமல் அவைக்கு வருதல் பணிவின் வடிவில் வரும் பெருமிதமே.

பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' (1973) வேறொரு வகையில் சிறந்தது. ஹிப்னோசிஸ் என்னும் வடிவமைப்புக் குழுவைச் சார்ந்த ஸ்டார்ம் தோர்கர்சன் முதலியோரிடம், எளிமையும் செம்மையும் உடைய ஒன்று வேண்டும் எனக் கேட்டவர் குழுவின் விசைப்பலகைக் கலைஞர் ரிச்சர்ட் ரைட். ஜார்ஜ் ஹார்டி வரைந்த முப்பட்டகத்தின் ஒருபுறம் வெள்ளொளி புகுந்து மறுபுறம் நிறமாலையாக வெளிப்படுகிறது. ஏழு நிறத்தில் ஒன்று விடப்பட்டு ஆறே வரையப்பட்டுள்ளன. உறையைத் திறந்தால் அந்நிறக்கோடு இதயத்துடிப்பின் வரைகோடாக மாறுகிறது. தொகுப்பும் இதயத்துடிப்பின் ஒலியில்தான் தொடங்கி முடிகிறது. பின்னட்டையில் நிறங்கள் மீண்டும் ஒன்றுகூடுவதால், உறைகளை வரிசையாக வைத்தால் ஒளி முடிவின்றிச் செல்லும். இங்குக் குறியீடு இசையின் உள்ளிருந்தே எடுக்கப்பட்டது. காலம், பணம், மரணம், மனப்பிறழ்வு எனப் பிரிந்து செல்லும் பாடல்கள் ஒரே ஒளியின் கூறுகளாக நிற்கின்றன. உள்ளுறையின் இலக்கணத்திற்கு இதனினும் பொருத்தமான உறையை நான் கண்டதில்லை.

இடையில் ஏசி/டிசி குழுவின் 'பேக் இன் பிளாக்' (1980) பற்றி ஒரு சொல். பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் மறைந்தார். அவருக்குத் துயர் காக்கும் வகையில் குழுவினர் உறையை முழுக் கறுப்பாக விரும்பினர். பதிவு நிறுவனம் குழுவின் சின்னத்தைச் சுற்றிச் சாம்பல்நிறக் கோடொன்று வேண்டும் என்றது. துக்கத்திற்கும் வணிகத்திற்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டின் அகலம் அக்கோட்டின் அகலமே. 1984இல் வெளிவந்த 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' என்னும் நகைச்சுவைத் திரைப்படம் முழுக் கறுப்பு உறையைக் கேலிக்குப் பொருளாக்கியது. 1991இல் மெட்டாலிக்கா மீண்டும் அதையே மிகுந்த கண்டிப்புடன் செய்தது. கேலிக்குப் பின்னும் ஒரு வடிவம் உயிர்த்திருக்குமாயின் அதில் ஏதோ தேவை இருந்திருக்கவேண்டும்.

அறியப்படாதோர் விட்ட பெயர்

இனி அக்கருநிறச் சட்டைக்கு வருவோம். ஜாய் டிவிஷன் மான்செஸ்டரைச் சார்ந்த நால்வர் குழு. அவர்களுடைய முதல் தொகுப்பான 'அன்நோன் பிளெஷர்ஸ்' 1979 ஜூன் 15இல் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் என்னும் சிறு நிறுவனத்தின்வழி வெளிவந்தது. முதலில் அச்சானவை 10,000 படிகள். முன்னட்டையில் பெயர் இல்லை, முகம் இல்லை. பாடல் பட்டியலும் வெளிப்புறத்தில் இல்லை. மேலே கண்ட குழுக்களோடு இதனை ஒரே தட்டில் வைத்துப் பேசுவது திறனாய்வாளர் வழக்கம். அவ்வழக்கத்தில் ஒரு பிழை உள்ளது. பீட்டில்ஸ் குழு பெயரை விட்டபோது இழந்தது எதுவுமில்லை. யாரும் அறியாத ஒரு குழு தன் முதல் தட்டில் பெயரை விடுவது, அறிமுகமாகும் வாய்ப்பையே விடுவதாகும். முன்னவர் விட்டது அணிகலன், இவர்கள் விட்டது சோறு.

உறைக்குரிய படத்தைக் குழுவினரே வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றிலிருந்து எடுத்து, வடிவமைப்பாளர் பீட்டர் சாவில்லிடம் தந்தனர். சிபி 1919 என்னும் துடிப்பு விண்மீனிலிருந்து வந்த வானொலி அலைத்துடிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய வரைபடம் அது. அவ்விண்மீன் ஏறத்தாழ 1.337 நொடிக்கு ஒருமுறை துடிக்கிறது. மூலத்தில் வெண்தாளில் கருங்கோடுகளாக இருந்ததைச் சாவில் கருமையில் வெண்கோடுகளாக மாற்றினார். அவர் செய்த பெரிய மாற்றம் அவ்வொன்றே. ஆனால் அதனால் அறிவியல் வரைபடம் இரவாகிவிட்டது. தொலைவில், ஒருகாலும் சென்றடைய இயலாத இடத்திலிருந்து, ஒழுங்கு தவறாமல் துடிக்கும் ஒரு செய்தி. மார்ட்டின் ஹானெட் ஒலிப்பதிவு செய்த அத்தொகுப்பில் முரசொலி ஒவ்வொன்றும் வெற்றுக்கூடத்தில் தனித்துக் கேட்பதுபோல் அமைந்திருப்பதையும், இயன் கர்டிஸின் குரல் அண்மையிலிருந்தும் தொலைவாக ஒலிப்பதையும் கேட்டவர்க்கு அவ்வுறை விளக்கம் வேண்டாது.

1980 மே 18ஆம் நாள் கர்டிஸ் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த தொகுப்பான 'குளோசர்' இரு மாதங்களில் வெளிவந்தது. அதன் உறையில் இருந்தது இத்தாலியின் ஜெனோவா நகரக் கல்லறைத் தோட்டத்துச் சிற்பம் ஒன்றின் ஒளிப்படம். அது கர்டிஸ் உயிருடன் இருந்தபோதே தெரிவுசெய்யப்பட்டது. ஆயினும் கேட்போர் அதனை மரணத்தின் அறிவிப்பாகவே படித்தனர். குறியீட்டின் பொருளை அதனை அமைத்தவர் இறுதிசெய்ய இயலாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

எஞ்சிய மூவர் நியூ ஆர்டர் எனப் பெயர்கொண்டு இயங்கிய காலத்தில், 1983இல் சாவில் 'புளூ மண்டே' என்னும் தட்டுக்கு நெகிழ்வட்டு வடிவில் உறை அமைத்தார். பெயரும் தலைப்பும் வண்ணக் கட்டங்களாக மறைகுறியாக்கப்பட்டன. அதனை அவிழ்க்கும் வண்ணச் சக்கரம் அதே ஆண்டு வந்த மற்றொரு தொகுப்பின் பின்னட்டையில் இருந்தது. இது வியப்பைத் தருகிறது, நெகிழ்ச்சியைத் தருவதில்லை. புதிருக்கும் குறிப்புக்கும் வேறுபாடு உண்டு. புதிர் அவிழ்ந்ததும் தீர்ந்துவிடும்.

பெயரையே சின்னமாக்கிய பாடகர் பிரின்ஸ் பற்றியும் இங்குக் குறிப்பிடல் தகும். 1993இல் அவர் தம் பெயரை ஒலிக்க இயலாத ஒரு குறியாக மாற்றிக்கொண்டார். ஆண், பெண் ஆகிய இருபாற் குறிகளும் இணைந்த வடிவம் அது. அச்சிட எழுத்து இல்லாமையால் அவ்வுருவைக் கொண்ட நெகிழ்வட்டுகளை இதழ்களுக்கு அனுப்பவேண்டியதாயிற்று. பதிவு நிறுவனத்தோடு நிகழ்ந்த உரிமைப்போரில் அவர் கைக்கொண்ட படைக்கலம் அது. தம் பெயரே பிறர் உடைமையான நிலையில் பெயரை விடுவது கலைநுட்பத்தையும் கடந்த செயல். 2000இல் அவர் தம் பழைய பெயருக்கு மீண்டார்.

கேட்காமலே விடப்பட்ட பெயர்கள்

இதுவரை கண்டவை, பெயருடையோர் தாமே தம் பெயரை விட்ட நிகழ்ச்சிகள். சுருக்கநெறியைப் போற்றி எழுதுவோர் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றனர். உறையிலிருந்து வேறு சில பெயர்களும் விடுபட்டுள்ளன என்பதை அவர்கள் காண்பதில்லை.

சிபி 1919 துடிப்பு விண்மீனை 1967இல் முதன்முதலில் பதிவுத்தாளில் இனங்கண்டவர், கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல். அக்கண்டுபிடிப்பிற்காக 1974இல் வழங்கப்பட்ட நோபல் பரிசில் அவருடைய மேற்பார்வையாளர் ஆண்டனி ஹியூவிஷின் பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை. அத்துடிப்புகளை மலைமுகடுபோல் அடுக்கி வரைந்தவர் ஹரால்ட் கிராஃப்ட். கார்னெல் பல்கலைக்கழகத்திற்கு 1970இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்காக, புவேர்ட்டோ ரிக்கோவின் அரசிபோ தொலைநோக்கித் தரவுகளைக் கணினியில் இட்டு வரைந்தார். தம் வரைபடம் இசைத்தட்டின் முகமானதை அவர் பிறர் சொல்லித்தான் அறிந்தார். கடைக்குச் சென்று ஒரு படி வாங்கிக்கொண்டார். அவ்வரைபடத்தின் முழு வரலாறு 2015 அளவில்தான் பரவலாகத் தெரியவந்தது. ஆய்வேடு எழுதியோர் நிறைந்த நம் அவையில் இச்செய்தி எவ்வாறு கேட்கும் என்பதை நான் கூற வேண்டுவதில்லை.

லெட் செப்பெலின் உறையின் நிலையும் இதுவே. முதுகில் விறகுக்கட்டு போன்ற சுமையுடன் கூனிநிற்கும் முதியவரின் படம் அதன் முன்னட்டையில் உள்ளது. ஐம்பதாண்டுக்கு மேலாக அவரைத் துறவி என்றும் மாயக்காரர் என்றும் இரசிகர்கள் விரித்துரைத்தனர். 2023இல் அதன் மூலப்படம் கண்டெடுக்கப்பட்டது. இங்கிலாந்தின் வில்ட்ஷையர் பகுதியில் கூரை வேய்ந்து பிழைத்த லாட் லாங் என்பாரை, எர்னஸ்ட் ஃபார்மர் 1892இல் எடுத்த ஒளிப்படம் எனக் கருதப்படுகிறது. நால்வர் தம் பெயரை விட்டு ஆளுக்கொரு சின்னம் கொண்டனர். உழைப்பாளியோ பெயரும் இன்றிச் சின்னமும் இன்றித் தாமே சின்னமானார். புகழுடையோரின் பெயரின்மை நாம் எளிதில் நிரப்பத்தக்கது. இவரது பெயரின்மையை நிரப்ப ஓர் ஆய்வாளரின் தற்செயலான தேடல் வேண்டியிருந்தது. இவ்விரண்டையும் ஒரே அழகியலாகக் கருதுவது பொருந்தாது என்பது என் துணிபு.

இதில் வடிவமைப்பாளர்மீது குற்றம் சுமத்துவது எளிது. ஆனால் சாவில் அப்படத்தைத் திருத்தாமல் விட்டமையே அதன் உண்மையைக் காத்தது. அவர் அதனை அழகுபடுத்தியிருந்தால் கிராஃப்டின் வரைபடம் இன்று அடையாளம் காண இயலாதவாறு மறைந்திருக்கும். மூலத்திற்கு உண்மையாக இருந்த நெறியே மூலவரை மறக்கவும் இடந்தந்தது.

சட்டையும் சிறுகட்டமும்

பெயரற்ற படம் எளிதில் இடம்பெயரும். 2012இல் டிஸ்னி நிறுவனம் அத்துடிப்புக் கோடுகளை மிக்கி மவுஸின் உருவில் வளைத்து ஒரு சட்டையை விற்பனைக்கு வைத்தது. எழுந்த சலசலப்பில் அதனைத் திரும்பப் பெற்றது. அன்று சினந்தோர் பலர். எனக்கு அதில் பெரும் வியப்பில்லை. எழுத்தில்லாத படத்திற்கு மொழியெல்லை இல்லை, நினைவெல்லையும் இல்லை. வகுப்பறையில் மலையென்றும் அலையென்றும் கூறப்பட்டதை அறியாமை என்று தள்ளவும் நான் விரும்பவில்லை. கருப்பொருள் மட்டும் கைக்கு வந்து, திணை வராத நிலை அது. அவ்விருவருக்கும் பின்னர் அத்தொகுப்பின் முதற்பாடலை ஒலிக்கச் செய்தேன். மாணவி தம் கூற்றை மாற்றிக்கொண்டார். மாணவர் மலை என்பதையே பற்றிநின்றார், இப்போது காரணத்தோடு.

பன்னிரண்டு அங்குல உறை குறுவட்டில் பன்னிரண்டு சென்டிமீட்டராயிற்று. இன்று கைப்பேசித் திரையில் விரல்நுனி அளவே. இச்சிறுகட்டத்தில் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே பல உறைகள் எளிமையாக அமைக்கப்படுகின்றன. தோற்றத்தில் அவை சுருக்கநெறியை ஒத்திருக்கலாம். ஆனால் அங்கு எதுவும் விடப்படுவதில்லை. படத்தின் கீழேயே குழுவின் பெயர், தலைப்பு, கால அளவு அனைத்தும் எழுத்தில் ஓடுகின்றன.

மீண்டும் வெள்ளை உறைக்கு வருவோம். ரதர்ஃபோர்டு சாங் என்னும் கலைஞர் 2013இல் நியூயார்க்கில் ஒரு காட்சியை அமைத்தார். இசைத்தட்டுக் கடைபோன்ற அக்கூடத்தில் எண்ணிட்ட வெள்ளைத் தொகுப்பு மட்டுமே இருந்தது. அவர் விற்கவில்லை, வருவோரிடம் வாங்கினார். 2025இல் அவர் மறையுமுன் அவருடைய சேகரிப்பு 3,000 படிகளைக் கடந்திருந்தது. தூய படிகளை அவர் தேடவில்லை. காப்பிக்கறை, பூஞ்சை, கிழிசல், குழந்தைகளின் கிறுக்கல் ஆகியவை படிந்த உறைகளையே சுவரில் வரிசையாக மாட்டினார். நூறு படிகளின் இசையை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவுசெய்தபோது, தொடக்கத்தில் இணைந்து ஒலித்தவை சிறிது சிறிதாக விலகி இரைச்சலாயின. அவ்வுறைகள் பலவற்றின் வெண்பரப்பில், ஹாமில்டன் வெற்றிடமாக விட்ட இடத்தில், தட்டை வாங்கியவர்கள் பேனாவால் தம் பெயரை எழுதிவைத்திருந்தனர்.